மூன்றாவது பத்தி

ஜனவரி 20, திங்கள்

பாடத்தில் இருக்கும் சிறுகதையை இன்று முடித்தோம். ஒரு மகன் தன் அம்மாவுக்கு ஊர் மெச்சும்படி சாவு எடுக்கிறான். பந்தல், மேளம், பூப்பல்லக்கு, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக அவனைப் புகழ்கிறார்கள். கருப்பொருள் என்ன என்று பிலோமினா மேடம் கேட்டார். வகுப்பில் பாதிப்பேர் ‘தாய்ப்பாசம்’ என்று எழுதியிருந்தோம். நானும்தான்.

மேடம் கோபப்படவில்லை. "அந்த அம்மா சாகறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாங்கன்னு கதையில எங்கயாவது இருக்கா, தேடுங்க" என்றார். தேடினோம். எங்கேயும் இல்லை. ஒரே இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "கஞ்சி கொண்டாந்தேன், வெளியே பூட்டியிருந்துது" என்கிறாள். அதோடு சரி. கதை அடுத்த வரியில் பந்தலுக்குப் போய்விடுகிறது. எனக்கு முதுகு சில்லென்று ஆகிவிட்டது.

வஞ்சப் புகழ்ச்சி அணி பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். புகழ்வது போலப் பழிப்பது. மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம். அது ஆளை இப்படிப் பிடித்து உலுக்கும் என்று அப்போது தெரியவில்லை.

இந்த வாரத்துக்குள் ‘என் ஊர்’ என்று ஒரு கட்டுரை தர வேண்டும், வஞ்சப் புகழ்ச்சியாக. முதலில் திட்டம் காட்ட வேண்டும்.

ஜனவரி 22, புதன்

திட்டத்துக்கு மேடம் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். ஒரே வாக்கியத்தில் என்ன சொல்லப்போகிறாய், எதை வைத்துச் சொல்வாய், யார் படிப்பார்கள்.

முதல் கேள்விக்கு ‘எங்கள் ஊர் மிகவும் ஒற்றுமையானது’ என்று எழுதினேன்.

இரண்டாவதற்கு எழுத ஒரே ஆள்தான் இருக்கிறாள். எதிர்வீட்டு மேரி அக்கா. அவள் புருஷன் சாம்சன் போன வருஷம் இறந்ததும் அவருடைய ஃபைபர் படகை அவர் தம்பி ராபர்ட் எடுத்துக்கொண்டான். அக்கா கேட்டாள். ராபர்ட் அடித்தான். ஊர்க் கூட்டத்தில் சொல்லாமல் அக்கா நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். ஊர் விஷயத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனதுதான் குற்றம் என்று கூட்டம் முடிவு செய்தது. அடித்ததைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லையாம். அன்றிலிருந்து யாரும் அவளோடு பேசக்கூடாது, கடையில் எதுவும் தரக்கூடாது, ஆட்டோவில் ஏற்றக்கூடாது. மீறினால் அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது. பாடு என்பது மீன் பிடிக்கும் முறை: ஊர் ஒதுக்கும் நாளில், ஊர் ஒதுக்கும் இடத்தில்தான் பழவேற்காடு ஏரியில் என் நைனா வலை கட்ட முடியும். பாடு போனால் எங்களுக்கு ஏரி போன மாதிரி.

அதனால் நாங்களும் பேசுவதில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போகத் தலைபின்னி விட்டவள் அவள்.

மூன்றாவது கேள்விக்கு ‘மேடம் மட்டும்’ என்று எழுதினேன்.

ஜனவரி 24, வெள்ளி

முடித்துவிட்டேன். முதல் இரண்டு பத்திகளில் புயல் வந்தபோது ஊரே சேர்ந்து படகுகளை மேலே இழுத்தது, திருவிழா, கூட்டு வலை. எல்லாம் உண்மை. மூன்றாவது பத்தியில் அக்கா. பெயர் போடவில்லை. அதே புகழ்ச்சிக் குரலிலேயே போகிறது:

‘ஒரு பெண்ணோடு பேச வேண்டாம் என்று எங்கள் ஊர் ஒருமுறை முடிவெடுத்தது. இன்றுவரை ஒருவரும் மீறவில்லை. உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டே கடைக்காரர் உப்பு இல்லை என்கிறார். அவள் தெருவில் வந்தால் விளையாடும் பிள்ளைகள்கூடப் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். அவள் கைவிரல் முறிந்து கட்டுப் போட்டிருந்த நாட்களில், எப்படி என்று கேட்டு யாரும் அவளுக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. இப்படி ஓர் ஒற்றுமையை எந்த அரசாங்கத்தாலும் கொண்டுவர முடியுமா?’

ஒரே மூச்சில் எழுதினேன். பயமா, சந்தோஷமா, தெரியவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

பிப்ரவரி 13, வியாழன்

மேடம் என் கட்டுரையைக் கல்லூரி மலரில் போட்டுவிட்டார். என்னைக் கேட்டுத்தான் போட்டார். நான்தான் சரி என்றேன். அச்சில் பேர் வரும் என்ற ஆசை. ‘ஆ. வ. ஜமுனா, இரண்டாம் ஆண்டு, தமிழ் இலக்கியம்’. எங்கள் குப்பத்தில் யார் மலர் வாங்கப்போகிறார்கள்?

பிப்ரவரி 17, திங்கள்

விமல் வாங்கியிருக்கிறான். ஊர்த் தலைவர் மாசிலாமணியின் சின்ன மகன். எங்கள் கல்லூரியில் பி.காம் கடைசி வருஷம். அவன் மலர் வாங்குவான் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்று, "செமயா எழுதிகீற ஜமுனா. அப்பாவுக்குப் படிச்சிக் காட்டினேன்" என்றான்.

என் காதில் பஸ் சத்தமே விழவில்லை. "இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ரொம்ப சந்தோஷம். நம்ம ஊரப் பத்தி இப்டி யாரும் எழுதுனதில்லன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு என்ன? வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ‘செமயா’ என்றால் நேர்ப்பொருளா? ‘இப்டி யாரும் எழுதுனதில்ல’ என்பது தலைவர் சொன்னதா, அவன் சேர்த்ததா? ஒரு கவிதையை இப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால் முதல் வகுப்பு வாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுப்படியில் நின்றேன். "உன் பொண்ணு ஊர் மானத்தைக் காப்பாத்திகீது வடிவேலு" என்று நைனாவிடம் சொன்னார். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வலை பின்னக் கட்டியிருக்கும் புது வலைக்கூடம் திறப்பு விழாவுக்கு மீன்வளத்துறை அதிகாரி வரப்போகிறாராம். அங்கே நான் கட்டுரையைப் படிக்க வேண்டும். மைக்கில். முழுசாக.

அவர் போனதும் அம்மாவுக்கு ஒரே பெருமை. ‘கஸ்தூரி மகள் எழுதினது’ என்று அம்மா பேரைச் சொல்லி இன்று கருவாடு காயப்போடும் இடத்தில் எல்லோரும் பேசினார்களாம்.

அம்மாவுக்குக் கட்டுரையைப் படித்துக் காட்டவில்லை. என்னவென்று படித்துக் காட்டுவது?

பிப்ரவரி 20, வியாழன்

தலைவர் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து வலைக்கூடத்துச் சுவரில் ஒட்ட வைத்திருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருத்தருக்குக்கூடவா புரியவில்லை? இல்லை, புரிந்தும் பேசாமல் இருக்கிறார்களா? பேசாமல் இருப்பதில்தான் எங்கள் ஊரார் கெட்டிக்காரர்களாயிற்றே. அய்யோ, எனக்கு இப்போதெல்லாம் நேராக ஒரு வாக்கியம்கூட வரமாட்டேனென்கிறது.

பிப்ரவரி 22, சனி

மேரி அக்காவும் படித்துவிட்டாள்.

சாயங்காலம் நான் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்தாள், பாவாடையெல்லாம் சேறு, இறால் போடும் பறிக்கூடை இடுப்பில். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். பிறகு, "நல்லா எழுதிகீற. நம்ம ஊரு ஒத்துமையான ஊருதான்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள். "பேசித் தொலைச்சிடாதே. பாடு பூடும்" என்று மூச்சு வாங்கினாள்.

அக்கா எப்படிச் சொன்னாள்? குத்தலாகவா? நான் எழுதியதைப் போலவே திருப்பிச் சொன்னாளா? இல்லை, நிஜமாகவே நான் ஊரைப் புகழ்ந்ததாக, அவளுக்கு உப்பு தராததைப் புகழ்ந்ததாக நினைத்துவிட்டாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரலிலும் தெரியவில்லை.

யாருக்காக எழுதினேனோ அவளுக்கே புரியவில்லை என்றால் அது என்ன அணி? யாரிடம் போய்க் கேட்பது? கதவைத் திறந்து, "அக்கா, அது அப்டி இல்லக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியாது. சொன்னால் நைனாவுக்கு ஏரி இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. "நீ கற்பனை கலந்து எழுதியிருக்கேன்னு நினைச்சேன் ஜமுனா. அந்த உப்பு மூட்டையெல்லாம் நிஜமா?" என்றார்.

"நிஜம் மேடம். நான் பாத்தேன்."

மலரை எடுத்து மூன்றாவது பத்தியை மறுபடி படித்தார். பிறகு, "விழா அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல இரு. இல்லன்னா முதல் ரெண்டு பத்தி மட்டும் படி. இதுல உனக்குச் சொல்லிக்கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் அங்க வாழல" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் பயப்படுவதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

இன்று பஸ்ஸில் விமல் மறுபடியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணாவது பத்தி படிக்காத" என்றான்.

"ஏன்?"

"ஏன்னு உனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கப்பாவுக்கு இன்னும் தெரில. அந்த ஆபீசருக்கு முன்னாடி மைக்ல கேட்டாருன்னா தெரிஞ்சிடும்." சிரிக்கவில்லை இந்த முறை.

"தெரிஞ்சும் ஏன் அவருக்குப் படிச்சிக் காட்டின?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "புரியுதான்னு பாக்கத்தான்" என்றான். மிரட்டினானா, காப்பாற்றப் பார்த்தானா? எனக்கு யாருடைய வாக்கியமும் புரியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நைனா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டே கேட்டார். "சொவுத்துல ஒட்டிகீறதை ஒருத்தரப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ எழுதினது நல்லதா, கெட்டதா?"

நான் கிழிசலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்க நல்லாதான் கீது. அதான் பயமா கீது" என்றார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். கை ஊசியை விடவில்லை. என்னைப் படிக்காதே என்றும் சொல்லவில்லை, படி என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 28, வெள்ளி

நாளைக்கு. வலைக்கூடம் திறப்பு. திட்டம் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல் என்று படுத்தால் தலைவர் வேறு யாரையாவது படிக்கச் சொல்வார். விமலையே சொல்லலாம். அப்போதும் மூன்றாவது பத்தி அங்கேதான் இருக்கும், சுவரிலும்தான் இருக்கிறது. முதல் இரண்டு பத்தி மட்டும் படித்தால்? அக்கா வீட்டிலிருந்து கேட்பாள். கூடம் அவள் வீட்டுக்கு அவ்வளவு பக்கம். நான் ஊரைப் புகழ்வது மட்டும் அவள் காதில் விழும். அவளைப் பற்றி ஒன்றும் இருக்காது. அது முழுப்பொய்.

வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 1, சனி

படித்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எது எப்படி மாறுமோ.

பந்தல் நிறைய ஆட்கள். மீன்வளத்துறை அதிகாரி ஒரு பெண், கண்ணாடி போட்டவர், கொஞ்சம் களைப்பாக உட்கார்ந்திருந்தார். தலைவர் என்னை அறிமுகம் செய்து வைத்தார். முதல் பத்திக்குக் கைதட்டினார்கள். புயல், படகுகள் என்றதும் கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவதற்கும் கைதட்டல். தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். விமல் கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டான்.

மூன்றாவது பத்தியைப் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மைக்கில்தான் கேட்டது. உப்பு மூட்டைக்கு யாரோ ஒருத்தி சட்டென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. பந்தல் துணி காற்றில் அடிப்பது மட்டும் கேட்டது. தலைவரின் முகம் மெதுவாக மாறியது. வாசித்ததை உள்ளுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

அதிகாரி முன்னால் சாய்ந்து, "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

சத்தியமாக ஒரு எழுத்து வரவில்லை. இவ்வளவு எழுதியவளுக்கு ஒரு பேர் சொல்ல வரவில்லை.

தலைவர் எழுந்து, "அது கட்டுரைக்காகக் கற்பனையா எழுதினது மேடம். காலேஜ் பொண்ணுங்க" என்று சிரித்தார்.

"கற்பனையா?" என்று அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் பேரை எடுப்பதே மீறல்தானே. கட்டுரையில் எழுதியது அப்படியே எதிரில் உட்கார்ந்திருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "கற்பனை இல்லிங்க. மேரின்னு பேரு. எங்க எதிர் வூடு."

அம்மா. எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டாள், யாரையும் பார்க்காமல்.

அதிகாரி ஒரு சின்னக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். ரிப்பன் வெட்டினார்கள். டீ கொடுத்தார்கள். எங்களுக்குத் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரோரம் படுத்துக்கொண்டாள். நைனா போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். "ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ அங்க ஒத்தையா நின்னுகினு இருந்த" என்றாள். "நான் இன்னா பண்றது?"

மார்ச் 3, திங்கள்

கூட்டம். நைனாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். பாடு இல்லை. எங்களோடும் யாரும் பேசக்கூடாது. ராபர்ட்தான் அதிகம் கத்தினானாம். நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். சுவரில் இருந்த ஜெராக்ஸையும் கிழித்துவிட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

ஆட்டோ என்னைப் பார்த்ததும் நிற்காமல் போனது. பழவேற்காடு வரை நடந்தேன். பஸ்ஸில் விமல் என்னைத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வழியில் ஒரு நாய் குரைத்தாலும் யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

மார்ச் 5, புதன்

மேரி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டவில்லை, நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். "இப்ப எங்கிட்ட பேசலாம் இல்ல? உங்களுக்கும் போவறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ எழுதினது எனுக்குப் புடிக்கல. சொவுத்துல பாத்தப்ப செருப்பால அடிச்ச மாதிரி இருந்திச்சி. நீயுமான்னு நெனச்சேன். மைக்ல உன் கொரலு நடுங்குச்சே, அப்பதான் புரிஞ்சிது" என்றாள்.

"சாரிக்கா."

"உனுக்கு நேரா எழுத வராதா?"

"பயமா இருந்திச்சிக்கா" என்றேன். அதுதான் உண்மை. அணியும் இல்லை, ஒன்றும் இல்லை. நேராக எழுதப் பயந்துதான் வளைத்து எழுதினேன். வளைத்து எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா, அம்மா போட்ட டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 12, புதன்

நைனா மீஞ்சூரில் லோடு ஏற்றப் போகிறார். திரும்பி வந்ததும் தோளை யாரும் தொடக்கூடாது என்கிறார். ஏரிப் பக்கம் பார்ப்பதில்லை. என்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 19, புதன்

போலீஸ் ஜீப் வந்தது. தலைவரையும் ராபர்ட்டையும் பொன்னேரிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்காவிடமும் எழுதி வாங்கினார்கள். அந்த அதிகாரி அனுப்பினாரா, யார் அனுப்பினார்கள், தெரியாது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ராபர்ட் திரும்பி வந்து எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். ஒன்றும் செய்யவில்லை. நின்றான், போனான். அம்மா மூச்சே விடவில்லை.

மார்ச் 26, புதன்

நைனா வேலையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மூணாவதை எனுக்குப் படி" என்றார். படித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "நம்ம வூட்டையும் சேத்துதானே எழுதிகீற" என்றார்.

"ஆமா நைனா."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அம்மாவோடும் மேரி அக்காவோடும் ஏரிக்குப் போனேன். வலை கட்டத்தான் ஊர் அனுமதி வேண்டும், கையால் தடவி இறால் பிடிப்பதை இன்னும் யாரும் தடுக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மற்ற பெண்கள் ஒரு வரிசையாக நகர்ந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் தள்ளி. அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்டது, எங்களுடையது அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

படகு இன்னும் ராபர்ட்டிடம்தான் இருக்கிறது. கட்டுப்பாட்டை நீக்கியதாக யாரும் சொல்லவில்லை. அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை என்று தலைவர் போன வாரம் பொன்னேரியில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நடக்காத கூட்டத்தின் முடிவுக்குத்தான் நாங்கள் தள்ளி நிற்கிறோம்.

அக்கா எங்களைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தாள், கை இரண்டும் தண்ணீருக்குள். அந்தப் பக்க வரிசையில் ஜெனிஃபர் நிமிர்ந்தாள். ராபர்ட்டின் மனைவி. நான் பயந்துபோய் நின்றுவிட்டேன்.

"மேரி, அங்க பள்ளம் கீது" என்று கத்தினாள். "இப்டி வா."

வரிசை முழுவதும் அப்படியே நின்றது. யாரும் ஜெனிஃபரைப் பார்க்கவில்லை. யாரும் கரையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அக்கா தண்ணீரை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.